வீதியில் நிற்கும் மாடு யாருடையது?
வாசகர் கேள்வி – பதில்

மாரி மழை தொடங்கியதும் திருகோணமலை வாசகர்களிடமிருந்து கட்டாக்காலி மாடுகள் பற்றிய மடல்கள் வருவது வழக்கம். இம்முறை அவற்றின் தொகை கூடியிருப்பதாலும், இந்தியப் பயணம் முடித்து வந்தவர்கள் சிலர் அங்குள்ள நிலைமையையும் சேர்த்து வினவியிருப்பதாலும், இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: குடும்பத்துடன் காசி யாத்திரை சென்று வந்தோம். ஒருவர் நடப்பதற்கே இடம் போதாத சந்துகளிலும் மாடுகள் நிற்கின்றன. கடைக்காரர்கள் அவற்றை விரட்டுவதில்லை. இவை கோயிலுக்கு நேர்ந்து விடப்பட்டவையா, அல்லது உரிமையாளர் இல்லாதவையா?
– வாசகி, உப்புவெளி

பதில்: நேர்ந்து விடப்பட்டவை சில உண்டு. இறந்தவரின் பொருட்டு இடபம் ஒன்றை விடுகின்ற பழைய சடங்கு வட இந்தியாவில் முற்றாக மறைந்துவிடவில்லை. காசியில் நீங்கள் கண்ட பெரிய திமில் உள்ள காளைகளிற் சில அவ்வாறு வந்தவையாக இருக்கலாம். ஆனால், இந்திய நகரங்களின் வீதிகளில் நிற்கும் மாடுகளிற் பெரும் பகுதியை இந்தச் சடங்கைக் கொண்டு விளக்க முடியாது.

அவற்றுள் ஒரு பகுதி உரிமையாளர் உள்ள கறவைப் பசுக்கள். நகரின் நெருக்கமான குடியிருப்புகளுக்குள்ளேயே இரண்டு, மூன்று பசுக்களை வைத்துப் பால் விற்பவர்கள், விடியற்காலையில் கறந்தபின் அவற்றை அவிழ்த்து விடுகின்றனர். அவை சந்தையிலும், குப்பைத் தொட்டியிலும், கோயில் வாசலிலும் வயிற்றை நிரப்பிக்கொண்டு மாலைக் கறவைக்குத் தாமாகவே வீடு திரும்புகின்றன. மேய்ச்சல் நிலத்துக்கு வாடகை இல்லை, தீவனத்துக்குச் செலவு இல்லை, மேய்ப்பவனுக்குக் கூலியும் இல்லை. ஊர் முழுவதும் அந்தப் பசுவுக்குத் தீனி போடுகிறது; பால் மட்டும் ஒரு வீட்டுக்குப் போகிறது. பக்தியைப் பற்றிப் பேசுகிறவர்களும், போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசுகிறவர்களும் இந்தக் கணக்கை ஏனோ பார்ப்பதில்லை.

இன்னொரு பகுதி உண்மையிலேயே கைவிடப்பட்டவை. 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் ஏறக்குறைய 19 கோடியே 25 இலட்சம். அவற்றுள் பசுக்களும் பெண் கன்றுகளும் 14 கோடியே 50 இலட்சத்தைத் தாண்டுகின்றன. பிறக்கும் கன்றுகளில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும் என்பதை நினைவிற்கொண்டு இந்த எண்களைப் பார்த்தால், ஆண் மாடுகள் எங்கே போயின என்ற வினா தானாக எழும். உழவு இயந்திரம் வந்த பிறகு ஏருக்கும் வண்டிக்கும் எருது வேண்டியதில்லை. ஆகவே நாம்பன் கன்று பிறந்த நாளிலிருந்தே வீட்டுக்குச் சுமையாகிறது. அதிகம் பால் தருமென்று வளர்க்கப்படும் கலப்பினங்களின் ஆண் கன்றுகளோ வெயில் தாங்காதவை என்பதால், எருதாகவும் விரும்பி வாங்கப்படுவதில்லை. பால் வற்றிய பசுவின் நிலையும் இதுவே. முன்பு இவை இறைச்சி வியாபாரிக்கு விற்கப்பட்டன. சட்டங்கள் இறுக்கமான மாநிலங்களில் அந்த வழி அடைபட்டபின், இரவோடிரவாக அடுத்த ஊர் எல்லையில் கொண்டுபோய் விடுவதே விவசாயிக்கு எஞ்சிய வழியாயிற்று. அதே 2019 கணக்கெடுப்பு, உரிமையாளர் அற்ற மாடுகள் 50 இலட்சத்துக்கும் மேல் எனக் காட்டியது. இராஜஸ்தானும் உத்தரப் பிரதேசமும் அவற்றுள் முன்னிற்கின்றன.

கடைக்காரர் விரட்டுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் முதல் ரொட்டியைப் பசுவுக்குக் கொடுப்பது வட இந்திய வீடுகளிலும் கடைகளிலும் வழக்கமே. ஆயினும், அதே பசு காய்கறிக் குவியலில் வாய் வைத்தால் தடியும் எழும்.

கேள்வி: நீதிமன்றமும் அரசும் இருக்கும்போது இந்திய நகரங்களால் இந்த மாடுகளை அகற்ற முடியாதிருப்பது ஏன்? ஒரு நகரத்திலாவது இது தீர்ந்ததா?
– வாசகர், பாலையூற்று

பதில்: முயற்சிகளுக்குக் குறைவில்லை. அத்துமீறும் கால்நடையைப் பிடித்துப் பட்டியில் அடைத்து அபராதம் வாங்கும் சட்டம் பிரித்தானியர் காலத்திலேயே, 1871இல், இந்தியாவில் வந்துவிட்டது. (இலங்கையிலும் அதையொத்த கட்டளைச் சட்டம் 1876இல் இயற்றப்பட்டது.) டில்லி உயர் நீதிமன்றம் 2005இல், வீதி மாட்டைப் பிடித்து ஒப்படைப்பவருக்கு 2,000 ரூபாய் வெகுமதி வழங்குமாறு கூறும் அளவுக்குச் சென்றது. உத்தரப் பிரதேச அரசு 2019இல் கைவிடப்பட்ட மாடுகளுக்குக் காப்பகங்கள் அமைப்பதற்கெனத் தனியாக வரி விதித்தது. அரும்பாக்கத்தில் 2023 ஆகஸ்டில் பாடசாலை விட்டு வந்த சிறுமியை மாடு ஒன்று முட்டித் தள்ளிய காட்சி பரவியபின், சென்னை மாநகராட்சி அபராதத்தைக் கூட்டியது. 2025 நவம்பர் 7ஆம் திகதி, நெடுஞ்சாலைகளிலிருந்தும் விரைவுச்சாலைகளிலிருந்தும் மாடுகளை அகற்றிக் காப்பகங்களில் வைக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றமே எல்லா மாநிலங்களுக்கும் பணித்தது.

இவற்றுள் எனக்கு அதிகம் கற்பித்தது குஜராத்தின் அனுபவம். நகரங்களில் மாடு வளர்ப்பதற்கு உரிமம் கட்டாயம், காதில் அடையாளப் பட்டி கட்டாயம், மீறினால் சிறை என்று கூறிய சட்டமூலம் அங்கே 2022இன் வசந்த காலத்தில் சட்டசபையில் நிறைவேறியது. மால்தாரி எனப்படும் மேய்ச்சற் சமூகத்தார் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுடைய கேள்வி எளிமையானது: நகரம் எங்கள் ஊரை விழுங்கியது, மேய்ச்சல் நிலத்தில் மாடிவீடு எழுந்தது, இப்போது எங்கள் மாடு நகருக்குள் அத்துமீறுகிறது என்கிறீர்களே? அதே ஆண்டு செப்டெம்பரில் சட்டமூலம் மீளப் பெறப்பட்டது. அவர்கள் கூற்று முழுவதும் சரி என்று சொல்ல மாட்டேன். வீதியில் விழுந்து கால் முறிந்தவருக்கு அந்த வரலாறு ஆறுதலாகாது. ஆனால், சட்டம் மாட்டை மட்டும் பார்த்து, மாடு மேய வேண்டிய நிலத்தைப் பார்க்காமல் விட்டால் அது நிலைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்திய அரசியலமைப்பின் 48ஆவது உறுப்புரை, பசுவையும் கன்றையும் ஏனைய கறவை, உழவு மாடுகளையும் கொல்வதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அதை நிறைவேற்றும் சட்டங்களை இயற்றுவது மாநிலங்களின் பொறுப்பு. கொல்லக் கூடாது என்று ஆணையிடுவது ஒரு நாள் வேலை. கொல்லப்படாத மாடு பால் தராமல் இன்னும் பத்தாண்டு வாழக்கூடும் என்பதால், அத்தனை ஆண்டுக்கும் வைக்கோலும் தண்ணீரும் யார் கொடுப்பது என்பதே வேலை. கோசாலைகள் அந்தச் சுமையில் ஒரு பங்கையே தாங்குகின்றன. ஒரு நகரத்திலாவது தீர்ந்ததா என்ற உங்கள் கேள்விக்கு, பால் தொழுவங்களை நகருக்கு வெளியே கொண்டு சென்ற இடங்களில் குறைந்தது என்று சொல்லலாம். தீர்ந்தது என்று சொல்ல இயலாது.

கேள்வி: எங்கள் திருகோணமலையில் உட்துறைமுக வீதியிலும் பேருந்து நிலையச் சுற்றாடலிலும் படுத்திருக்கும் மாடுகளும் இதே காரணத்தால்தான் வந்தனவா? இங்கே மாட்டிறைச்சிக்குத் தடை இல்லையே?
– வாசகர், லிங்கநகர்

பதில்: நல்ல வேறுபாட்டைக் கவனித்திருக்கிறீர்கள். இலங்கையில் மாடுகளை இறைச்சிக்காக வெட்டுவதைத் தடை செய்யும் யோசனைக்கு 2020 செப்டெம்பரில் அமைச்சரவை கொள்கையளவில் இணங்கிய போதிலும், இறைச்சிக் கடைகள் இயங்கி வருகின்றன. ஆகவே, இந்தியாவின் வட மாநிலங்களைப் போல விற்க வழியின்றிக் கைவிடப்பட்ட நாம்பன்களும் கிழட்டுப் பசுக்களும் இங்கே பெருகுவதற்குக் காரணமில்லை. நமது வீதியில் படுத்திருக்கும் மாட்டை அருகில் சென்று பாருங்கள்: தொடையில் குறி சுட்டிருக்கும், அல்லது காதில் இலக்கத் தகடு தொங்கும். நமது கட்டாக்காலியில் பெரும்பாலானவை கட்டப்படாத மாடுகள். உடையவர் அற்ற மாடுகள் அல்ல. வாழைத் தோட்டத்தை அழித்தபோது உரிமை கோராத ஒருவர், அதே மாடு வாகனத்தில் அடிபட்டதும் கால் மணித்தியாலத்தில் வந்து நிற்பதைக் காணாத வீதி நம் ஊரில் இருக்காது.

காரணம் மேய்ச்சல் தரைதான். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் பெரும்போகத்துக்கு வயல் உழுததும், பட்டி மாடுகளை வயல்வெளியிலிருந்து காட்டோரத்துக்குக் கொண்டு செல்வதும், அறுவடை முடிந்ததும் தாளடி மேய்வதற்கு அவற்றைத் திருப்பிக் கொண்டு வருவதும் தலைமுறைகளாக நடந்த ஒழுங்கு. தயிர்ச் சட்டிக்குப் பேர்போன கிழக்கின் பால் வளம் அந்த ஒழுங்கின் மேல் நின்றதே. போர்க்காலத்தில் காட்டோரங்கள் எட்டாமற் போயின. போர் முடிந்தபின் அவற்றிற் பல பயிர்நிலமாகவும், குடியேற்றமாகவும், ஒதுக்கிய வனமாகவும் மாறின. மட்டக்களப்பு மாவட்டத்தில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தை நீங்கள் அறிவீர்கள். அத்தனை பெரிய பட்டி நமது நகரத்தில் இல்லை. ஆனால் மாட்டை ஓட்டிச் செல்ல இடமில்லாதவர் அதை வீதிக்கு அவிழ்த்து விடுகிறார் என்பது இரண்டிடத்திலும் ஒன்றே.

பட்டிகளுக்குக் கொட்டகை இல்லாததன் விலையையும் நாம் கண்டிருக்கிறோம். 2022 டிசெம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் வெட்டவெளியில் விறைத்து இறந்தன.

கேள்வி: மிஞ்சிய சோற்றையும் மரக்கறித் தோலையும் பையில் கட்டி வாசலில் வைத்தால் மாடு தின்றுவிடும், பசுவுக்கு உணவிட்ட புண்ணியமும் சேரும் என்கிறார் என் மாமியார். சரிதானா?
– வாசகி, ஓர்ஸ்ஹில்

பதில்: மரக்கறித் தோலில் தவறில்லை. பையையும் சோற்றையும் பற்றி மாமியாருடன் பணிவாகப் பேச வேண்டியிருக்கும்.

மாட்டுக்கு மேல்வரிசை முன்பற்கள் இல்லை. நாக்கால் சுருட்டி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டு, பின்னர் ஆறுதலாகப் படுத்து அசைபோடுவதே அதன் இயல்பு. ஆட்டைப் போல இலையிலையாகத் தெரிந்து தின்னும் நுட்பம் அதனிடம் இல்லை. ஆகவே முடிச்சுப் போட்ட பொலித்தீன் பைக்குள் சோற்று மணம் வந்தால் பையோடு சேர்த்தே விழுங்குகிறது. நான்கு அறைகள் கொண்ட வயிற்றின் முதல் அறையாகிய அசைபோடும் இரைப்பையிலிருந்து அந்தப் பை முன்னேயும் போகாது, அசைபோட மேலேயும் வராது. நாளடைவில் மற்றப் பைகளோடு சிக்கிக் கயிற்றுப் பந்து போல இறுகிவிடும். வயிறு நிறைந்த உணர்வோடு மாடு பட்டினியாகிறது. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் 2019 ஒக்டோபரில் ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து 52 கிலோகிராம் பிளாஸ்டிக்கை அகற்றினார்கள். ஐந்து மணித்தியாலத்துக்கும் மேலாக நடந்த சத்திரசிகிச்சை அது. வெளியிலிருந்து பார்த்தபோது அந்தப் பசு நன்கு தின்று கொழுத்ததாகவே தோன்றியிருக்கும். குப்பையோடு விழுங்கப்படும் ஆணியும் கம்பித் துண்டும் இரண்டாம் அறையில் தங்கி, அங்கிருந்து இதய உறையைத் துளைத்துக் கொல்வதும் உண்டு.

மெல்லிய பொலித்தீனையும் லஞ்ச் சீற்றையும் இலங்கை 2017 செப்டெம்பரில் தடை செய்தது. நமது வாய்க்கால்களைப் பார்த்தால் அந்தத் தடை நினைவுக்கு வருவதில்லை என்பது வேறு விடயம்.

சோறும் நல்லதல்ல. ஒரு பிடியால் கெடுதியில்லை. ஆனால் அன்னதானம் முடிந்தபின் ஓர் அண்டா சோற்றைக் கொட்டினால், அதிலுள்ள மாப்பொருள் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகிறது. மாடு வயிறு ஊதிப் படுத்து, உரிய சிகிச்சை இல்லாவிட்டால் ஓரிரு நாளில் இறக்கும். கோயில் திருவிழாக்களுக்கு மறுநாள் கால்நடை வைத்தியர்களுக்கு வேலை கூடுவதன் காரணம் இதுவே. பட்டிப்பொங்கலன்று பாசத்தோடு ஊட்டும் சர்க்கரைப் பொங்கலும் அளவு மீறினால் இதையே செய்யும். பசுவுக்கு வாய்க்கொரு பிடி கொடுப்பதை அறமாகச் சொல்லும் சைவ மரபில் வந்த நாம், அந்தப் பிடி புல்லாகவோ அகத்திக்கீரையாகவோ இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம். கோடையில், மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை, வாசலில் ஒரு வாளி தண்ணீர் வைப்பது இவற்றைவிட மேல்.

கேள்வி: நிலாவெளி வீதியில் இரவில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறேன். இத்தனை வெறும் காணி இருக்க, மாடுகள் ஏன் தார் வீதியின் நடுவில் வந்து படுக்கின்றன? மோதினால் யார் பொறுப்பு?
– வாசகர், அலஸ்தோட்டம்

பதில்: பகல் வெயிலை உறிஞ்சிய தார், இரவில் நெடுநேரம் சூடாக இருக்கும். மழைக்காலத்தில் காணிகள் சேறாகிக் கிடக்க, உயர்த்திப் போட்ட வீதி ஒன்றே ஈரம் வடிந்த தரை. அங்கே காற்று தடையின்றி வீசுவதாலும் வாகனங்கள் காற்றைக் கிளப்புவதாலும் நுளம்பும் ஈயும் குறைவு. மாடு ஒரு நாளில் ஏழு, எட்டு மணித்தியாலம் அசைபோட வேண்டிய பிராணி. சூடான, உலர்ந்த, கடியற்ற இடத்தைத் தேடுவதில் அதன் அறிவு குறைந்ததல்ல.

ஓட்டுநருக்கு ஆபத்து எங்கே என்றால், மாட்டின் கண் விளக்கொளியில் மின்னும் என்ற நம்பிக்கையில். முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கும் மாட்டின் கண் மின்னாது. கறுத்த அல்லது செம்மண் நிற முதுகு தாரோடு தாராகத் தெரியும். எதிரே வரும் வாகனத்தின் விளக்கு கண்ணைக் கூசவைக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் பெரும்பாலும் மோதல் நேர்கிறது. ஆகவே எதிர்விளக்கு வரும்போது வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு மந்திரம் இல்லை. இந்தியாவில் சில நகரங்களில் பொலிஸாரும் தொண்டர்களும் மாடுகளின் கழுத்தில் ஒளி தெறிக்கும் பட்டிகளைக் கட்டி விட்டிருக்கிறார்கள். நமது ஊரிலும் இளைஞர் கழகம் ஒன்று அதைச் செய்ய ஒரு வார இறுதி போதும்.

பொறுப்பைப் பொறுத்தவரை, கால்நடையைப் பொது வீதியில் அலைய விடுவது உரிமையாளரின் குற்றம். பிடித்து அடைக்கவும் தண்டம் அறவிடவும் உள்ளூராட்சி மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மோதல் நேர்ந்தால் குறியையும் காதுத் தகட்டையும் ஒளிப்படம் எடுத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். இழப்பீடு கிடைப்பது உங்கள் வேகத்தையும் விளக்கையும் பற்றிய கேள்விகளுக்கு நீங்கள் கூறும் விடையையும் பொறுத்திருக்கும் என்பதால், சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: மனுநீதி கண்ட சோழன் கதை திருவாரூரில் நடந்ததா, அநுராதபுரத்தில் நடந்ததா?
– உயர்தர மாணவி, தம்பலகாமம்

பதில்: தமிழ் மரபு அதைத் திருவாரூர்ச் சோழன் மேல் ஏற்றிச் சொல்கிறது. மகாவம்சம், அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன் மேல் ஏற்றுகிறது. மகாவம்சத்தின்படி, இளவரசன் திஸ்ஸ வாவிக்குத் தேரில் சென்றபோது தாயோடு வீதியில் படுத்திருந்த கன்றின் கழுத்தில் சக்கரம் ஏறியது. பசு மணியை அசைத்தது. மன்னன் மகனுக்கும் அதே தண்டனையை விதித்தான். எது முந்தியது என்று வழக்காடுவதைவிட, மாடு வீதியில் படுத்திருப்பதும் வாகனம் அதன் மேல் ஏறுவதும் அந்நாளிலேயே கதையாகும் அளவுக்குப் பழகிய காட்சிகள் என்பதைக் கவனிப்பது சுவையானது. மாட்டின் உரிமையாளரைப் பற்றி இரண்டு கதைகளுமே மூச்சு விடவில்லை.

கேள்வி: பிரட்ரிக் கோட்டையடியிலும் கடற்கரையிலும் திரியும் புள்ளிமான்களை எல்லோரும் படமெடுக்கிறார்கள், மாட்டை மட்டும் ஏசுகிறார்கள். இது பாரபட்சம் அல்லவா?
– வாசகர், மட்டிக்களி

பதில்: மானுக்கு உடையவர் இல்லை, அது வனசீவராசிகள் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள காட்டு விலங்கு. மாட்டுக்கு உடையவர் இருக்கிறார், ஏச்சு அவருக்குரியது. பொலித்தீனைத் தின்பதில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

கேள்வி: என்னிடம் மூன்று பசுக்கள் உள்ளன. பத்துப் பேர்ச் காணியில் வீடு. மேய்க்க இடமில்லாததால் பகலில் அவிழ்த்து விடுகிறேன். எல்லோரும் திட்டுகிறார்கள். விற்க மனமில்லை. நான் என்ன செய்யலாம்?
– வாசகி, செல்வநாயகபுரம்

பதில்: உங்கள் மடலை எதிர்பார்த்திருந்தேன் அம்மா, இந்தப் பொருளில் உடையவர்கள் எழுதுவது அரிது.

நாட்டுப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபது கிலோகிராம் பசுந்தீவனம் வேண்டும். பத்துப் பேர்ச்சில் வீட்டையும் கொட்டகையையும் தவிர எஞ்சும் நிலம் மூன்று பசுவுக்குப் போதாது; ஒன்றுக்குத் துணையாகும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட கோ-3 புல் நம் நாட்டிலும் பரவலாகப் பயிரிடப்படுகிறது. ஒக்டோபர் மழையோடு தண்டுகளை நட்டால் இரண்டரை மாதத்தில் முதல் வெட்டும், பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டும் கிடைக்கும். நமது மணற்பாங்கான நிலத்தில் சாணியைத் தாராளமாக இட வேண்டும். கோடையில் சமையலறைக் கழிவுநீரை அந்தப் பாத்திக்குத் திருப்பி விடலாம். வேலியோரத்தில் சீமைக்கிளுவையும் அகத்தியும் நடுங்கள். அவற்றின் தழை புல்லுக்குத் துணையாகும்.

மிச்சத்துக்கு வைக்கோல்தான் வழி. அறுவடைக் காலத்தில் தம்பலகாமத்து வயல்களில் எரிக்கப்படும் வைக்கோலை, அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்போர் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்தால் கூலி பங்காகும். 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி வைத்துப் பதப்படுத்தினால் அதன் சத்துக் கூடும். அளவு பிசகினால் யூரியா நஞ்சாகும் என்பதால், முதல் முறை கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். அது அவர்களுடைய கடமையுள் அடங்கியதே.

இவ்வளவும் செய்தபின்னும் மூன்றைத் தாங்க முடியாவிட்டால், பால் குறைந்த ஒன்றை நிலமுள்ள பட்டிக்காரர் ஒருவரிடம் வாரத்துக்கு (பங்குக்கு வளர்க்க) விடுங்கள். கன்றில் பங்கு வரும். உடனடியாக முடிவது ஒன்று: மாலைக் கறவைக்குப் பிறகு மூன்றையும் கட்டிவிடுங்கள். அலஸ்தோட்டத்து ஓட்டுநரின் கேள்வியை மேலே வாசித்திருப்பீர்கள்.